நடக்குற செருப்பு போர்டு

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில ஷட்டரத் தூக்கி, தண்ணி தெளிச்சி, சாம்பிராணி போட்டு முடிக்கல, ஒரு ஆளு வந்து நோட்டீஸ நீட்டி கையெழுத்து வாங்கிக்கினு போயிட்டான். முதல் போணியே நோட்டீஸு. விளங்கின மாதிரிதான்.

எங்க கப்பித்தான் தெரு இப்ப மரபுப் பகுதியாம். பழைய வீடு, பழைய தூணு, பழைய ஜன்னலு எல்லாத்தயும் பாதுகாக்கணுமாம். அதனால உள்ள லைட்டு எரியிற பெட்டி போர்டு கூடாது, கட்டடத்து முகப்ப எதுவும் மறைக்கக் கூடாது. மரப்பலகையில பேரு எழுதி, வெளியிலேர்ந்து ஒரு சின்ன வெளக்கு அடிச்சிக்கலாமாம். அக்டோபர் பதினஞ்சுக்குள்ள என் போர்ட எறக்கலன்னா லைசென்ஸு ரத்து, கடைக்கு சீலு. தீபாவளி இருபதாந்தேதி. செருப்புக் கடைக்காரன் வருஷம் பூரா ஈ ஓட்டுறதே அந்த ஒரு வாரத்த நம்பித்தான்.

என் போர்டப் பத்தி எழுதாம எப்படி? 'வரதன் ஃபுட்வேர்'னு நீளமா பேரு, பக்கத்துல ரெண்டு செருப்பு. இடது செருப்பு செவப்பா எரியும், அணையும், வலது செருப்பு பச்சையா எரியும். பாக்குறவனுக்கு செருப்பு தானா நடக்குற மாதிரி இருக்கும். கடலூர்லேர்ந்து வர்றவங்ககூட 'அந்த நடக்குற செருப்பு கடை'ன்னுதான் வழி கேக்குறாங்க. கலிவரதன்ங்கிற நான் பிளாட்பாரத்துல சாக்கு விரிச்சி ரப்பர் செருப்பு வித்தவன். மழ வந்தா தலையில பிளாஸ்டிக் கவர மாட்டிக்கினு வித்தவன். எம்பேரு இன்னிக்கி வெளிச்சத்துல நிக்குது. அத எறக்கணுமாம்.

கடையில என்கூட இருக்குற குப்புராஜ்தான் நோட்டீஸ முழுசா படிச்சான். "அண்ணே, 'புகாரின் பேரில்'னு போட்டிருக்குண்ணே. யாரோ போட்டுக் குடுத்திருக்கான்."

மத்தியானம் என் சம்சாரம் அஞ்சலாட்சி மாடியிலேர்ந்து சாப்பாடு எடுத்துக்கினு வந்தா. கடை கீழ, வீடு மேல எங்களுக்கு. நோட்டீஸக் காட்டினேன். "லைசென்ஸுன்னு போட்டிருக்கா? போர்டதான எறக்கச் சொல்லணும்? கடைய எதுக்கு இழுக்குறாங்க?"ன்னு திரும்பத் திரும்ப கேட்டா. பாவம், பயந்துட்டா.

செப்டம்பர் 13, சனி

வியாபாரம் மந்தம். யாரு போட்டுக் குடுத்தான்னு நெனச்சி நெனச்சி மண்ட காயுது.

செப்டம்பர் 15, திங்கள்

மரபுப் பகுதி ஆபீஸுக்குப் போனேன். திருநாவுக்கரசுன்னு ஒரு இன்ஸ்பெக்டர். சின்ன வயசு, ரொம்ப மரியாதயான புள்ள. "உக்காருங்க சார்"ன்னு தானே சேர இழுத்துப் போட்டுச்சி. திட்டணும்னு போனவன் உக்காந்துட்டேன்.

"தம்பி, புகார் குடுத்தது யாரு? தெரு மூலையில இருக்குற பேக் கடைக்காரனா? அவன் என் போர்டப் பாத்து வயிறு எரியிறவன்."

"பேரு சொல்லக் கூடாது சார். ஆனா கடைக்காரங்க யாரும் இல்ல." இப்படி அப்படி பாத்துட்டு கொரல எறக்கிச்சி. "வீட்டுலதான் சார்."

"வீட்டுலயா!"

"ஆமா சார். நான் சொன்னேன்னு பெருசு பண்ணாதீங்க. வீட்டுல பொறுமையா ஒக்காந்து பேசிப் பாருங்க. பேசினாலே முடிஞ்சிடும். இங்க வரைக்கும் வர்ற விஷயமே இல்ல இது."

அதுக்குள்ள அதுக்கு போன் வந்துச்சி. "ஒரு நிமிஷம் சார், வீட்டுல"ன்னு எழுந்து போயி, சரிம்மா சரிம்மான்னு பத்து தடவ சொல்லிட்டு வந்துச்சி. நல்ல புள்ள.

அப்ப நான் நெனச்சது சரியாப் போச்சி. தெருவுல ஆளு குடியிருக்குற வீடு எதிர்வீடு ஒண்ணுதான். மத்ததெல்லாம் கடை, மாடியில குடோன். முசே இஞ்ஞாசி! ஐயாங்கிறதுக்குப் பதிலா பிரெஞ்சுல 'முசே'ன்னுதான் தெருவே அவரக் கூப்பிடும். பிரெஞ்சு பட்டாளத்துல சிப்பாயா இருந்து பென்ஷன் வாங்குற சொல்தா. தெனமும் காலையில கோயிலுக்குப் போறப்ப எனக்கு தொப்பியத் தூக்கி "போன்ழூர் வரதன்"னு சொல்ற மனுசன். சொல்லிக்கினே முதுகுல குத்தியிருக்கான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

முசே வீட்டுக்குப் போனேன். தம்பி சொன்ன மாதிரி பொறுமையாத்தான் பேசணும்னு போனேன். வாசல்ல மாதா சுரூபம். அதுக்கு நேர் எதிர்ல என் போர்டு. மாதாவுக்கு எதுக்க செருப்பு நடக்குதுன்னு கோவம் வந்திருக்கும், அதான் விஷயம்னு அங்க நின்னப்பவே புரிஞ்சிபோச்சி.

"முசே, மனசுல இருக்குறத மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே?"

"என்னத்த?"

"போர்டு பத்தி ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்தீங்களே."

"நானா?" அந்த மனுசன் சிரிக்கிறாரு! "வரதன், எனக்கு ஒரு கண்ணு பாதிதான் தெரியும். தெரு வெளக்கு எரியிறதில்ல. உன் செருப்பு நடக்குற வெளிச்சத்துலதான் நான் சாவித் தொவாரத்தத் தேடுறேன். செவப்பு வந்தா தேடுவேன், பச்ச வந்தா தெறப்பேன். நான் ஏம்ப்பா எழுதுறேன்?"

கிண்டல் வேற. எனக்கு ஏறிடுச்சி. "செருப்பு விக்கிறவன்னா அவ்ளோ எளக்காரமா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். தெருவே வேடிக்க பாத்துச்சி. பாக்கட்டும்.

எனக்கு இதுதான் ஆறவே மாட்டேங்குது. செருப்பு வாங்க வர்றவன் காலத் தூக்கி என் மடியில வெக்கிறான், அது தப்பில்ல. ஆனா செருப்பு படம் மட்டும் எதுக்க இருந்தா ஆவாது. என்னா நியாயம் இது?

அஞ்சலாட்சிகிட்ட சொன்னேன். "முசே சொல்லியிருக்க மாட்டாரு"ன்னா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அந்த மனுசன் மேல பழிய போடாதீங்க."

இவளுக்கு ஊருல இருக்குற எல்லாரும் நல்லவங்க, என்னத் தவுத்து.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆடிட்டர வரச் சொன்னது வரல. லேடீஸ் மாடல்ல ரெண்டு பொட்டி ஒரே காலு, எல்லாம் எடது. கம்பெனிக்கு போன் பண்ணி கத்தினேன். அஞ்சலாட்சிக்கு திரும்ப தலவலி. மாத்திர வாங்கி குப்புராஜ்கிட்ட குடுத்தனுப்பினேன். மாடியில காத்து வரலன்னு பழைய பாட்டு. ஜன்னலத் தெறக்க முடியலியாம், போர்டோட இரும்பு ஆங்கிள் இடிக்குதாம். பாக்கலாம்னேன். சாயங்காலம் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி மேல அனுப்பினேன், புதுசு. அதுக்கும் மூஞ்சி மலரல.

கொஞ்ச நாளா சமையல்கட்டுலதான் படுக்குறா. முதுகுக்கு சில்லுனு தரை நல்லதுன்னு சொல்றா. இருக்கலாம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

முள்ள முள்ளாலதான எடுக்கணும்? முசே வீட்டு முன்னால ஒரு தகரக் கொட்டா இருக்கு. அவரு சம்சாரம் நடக்க முடியாம வீல் சேர்ல இருந்தப்ப, மழையில நனையாம உள்ள போறதுக்காகப் போட்டது. அந்தம்மா போயி சேந்து வருஷம் ஆச்சி, கொட்டா இன்னும் அப்படியே இருக்கு. பழைய முகப்ப மறைக்குதா இல்லியா? மறைக்குது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான? ஆபீஸுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டேன். நான் ஒண்ணும் ஒளிஞ்சி மறஞ்சி எழுதல, பேரு போட்டே குடுத்தேன்.

திருநாவுக்கரசு அத வாங்கிக்கினு என்ன ஒரு மாதிரி பாத்துச்சி. "சார், வீட்டுல பேசினீங்களா?"

"பேசினேன் தம்பி. ஒத்துக்க மாட்டேங்குது அந்த ஆளு."

"எந்த ஆளு சார்?"

"அதான் பேசிட்டேன்னு சொல்றேன்ல"ன்னு எழுந்து வந்துட்டேன். எல்லாம் தெரிஞ்சிக்கினு தெரியாத மாதிரி கேக்குது பாருங்க, அரசாங்க உத்தியோகம்னா அப்படித்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆபீஸ்லேர்ந்து வந்து டேப்பு புடிச்சி அளந்துட்டு, முசேவுக்கும் ஒரு நோட்டீஸ ஒட்டிட்டுப் போனாங்க. நான் கடையில நின்னு பாத்தேன். அவரு சட்டைய டக் பண்ணிக்கினு வெறப்பா நின்னாரு.

இன்னிக்கி காலையில போன்ழூர் இல்ல. நேரா பாத்துக்கினு போயிட்டாரு. குத்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். யாரு ஆரம்பிச்சது?

சாயங்காலம் அஞ்சலாட்சி தூக்குல கொழம்பு எடுத்துக்கினு என் கண்ணு முன்னாலயே தெருவத் தாண்டி முசே வீட்டுக்குப் போனா. வந்ததும் கேட்டேன், "எதிரி வீட்டுக்கு கொழம்பு போவுதா?" அவ என் மூஞ்சியப் பாத்த பார்வ இருக்கே. "அந்தக் கொட்டா யாருக்காகப் போட்டதுன்னு தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சேதான எழுதினீங்க?"ன்னு கேட்டுட்டு மாடிக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் பேச்சில்ல.

செப்டம்பர் 29, திங்கள்

இன்னும் பேச்சில்ல. சாப்பாடு மட்டும் வருது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜ. ஏணி போட்டு ஏறி போர்டுக்கு சந்தனம் குங்குமம் வெச்சி, மல்லிப்பூ சரம் சுத்தினேன். ரெண்டு செருப்புக்கும் நடுவுல பூசணிக்காய் தொங்க விட்டதப் பாத்து குப்புராஜ் விசிலடிச்சான். கீழேர்ந்து அஞ்சலாட்சியக் கூப்பிட்டேன், கற்பூரம் காட்ட வான்னு. வரல. "குளிச்சிட்டு இருக்கேன்"னா. கேட்டப்பல்லாம் குளிச்சிக்கினே இருந்தா.

பூஜையில நின்னுக்கினு ஒண்ணுதான் வேண்டினேன். கடைக்கு சீல் விழக் கூடாது, போர்டும் எறங்கக் கூடாது. ரெண்டும் சேந்து எப்படி நடக்கும்னு சாமிதான் யோசிக்கணும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆறர மணிக்கு கும்பலா ஆளு நிக்கிறப்ப போர்டு அணைஞ்சிபோச்சி. ஆபீஸ்காரன் கரண்ட வெட்டிட்டானா, சொல்தா ஒயர அறுத்துட்டானா? தெருவுல எறங்கி எதிர்வீட்டப் பாத்து நல்லா நாலு வார்த்த கத்தினேன். சுவிட்சு கீழ கடையில, ஆனா லைன் மாடி ஹால்லேர்ந்துதான் வருது. குப்புராஜ மேல அனுப்பினா, ப்ளக்கு புடுங்கிக் கெடக்குதாம் பீரோவுக்குப் பின்னால.

"எலி இழுத்திருக்கும்"னு அஞ்சலாட்சி சொன்னாளாம். நாளைக்கு எலிப் பொறி வாங்கணும்.

அக்டோபர் 6, திங்கள்

விசாரணைக்கு வரச் சொல்லி கடுதாசி. ஒன்பதாந்தேதி வியாழக்கெழம. புகார்தாரரும் வருவாராம். வரட்டும், நேருக்கு நேர் பாத்துக்கலாம். வெள்ள சட்டைய இஸ்திரிக்குப் போட்டாச்சி. சொல்ல வேண்டியத மனப்பாடம் பண்ணிக்கினே இருக்கேன். குப்புராஜ்தான் அதிகாரி. "அண்ணே, கையக் கட்டிக்கினு பேசுங்க, வெரல நீட்டாதீங்க"ன்னு சொல்லிக் குடுக்குறான் எனக்கு.

உள்ளுக்குள்ள பயம்தான். எழுதுறதுல என்னா வெக்கம்? கடைக்கு சீல் வெச்சா இந்த வயசுல திரும்பவும் பிளாட்பாரத்துக்குத்தான் போவணும். பிளாட்பாரத்துலயும் இப்ப எடம் இல்ல.

அக்டோபர் 8, புதன்

பன்னெண்டு நாளைக்கப்புறம் அஞ்சலாட்சி தானா கீழ வந்து பேசினா. கல்லா பக்கத்துல நின்னுக்கினு, "ஏங்க, நாளைக்கு அங்க போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. அதுக்குள்ள ஒரு கல்யாண பார்ட்டி உள்ள வந்துச்சி, மாப்ள, மாப்ளயோட தம்பி, அத்தை, மாமான்னு. எல்லாருக்கும் காலு பெருசு. "அப்புறம் சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. பார்ட்டி போனப்புறம் திரும்பிப் பாத்தா ஆளு இல்ல.

நல்ல வியாபாரம். மாப்ளைக்கு மட்டும் சைஸ் கெடைக்கல.

அக்டோபர் 9, வியாழன்

எழுதவா வேணாமான்னு ரொம்ப நேரம் பேனாவப் புடிச்சிக்கினே உக்காந்திருந்தேன். எழுதிடுறேன்.

காலையில கெளம்புறப்ப அஞ்சலாட்சி வீட்டுல இல்ல. கோயிலுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். ஆபீஸ்ல முசே எனக்கு முன்னாலயே வந்து உக்காந்திருந்தாரு, அவரு நோட்டீஸு விஷயமா. மெடல்லாம் குத்திக்கினு வந்திருந்தாரு. நான் அவரப் பாத்து நல்லா மொறச்சேன். "இன்னிக்கி தெரிஞ்சிடும்"னு பல்லக் கடிச்சிக்கினு சொன்னேன். அவரு என்னத் தாண்டி வாசப்படிய ஒரு மாதிரி பாத்தாரு. நானும் திரும்பினேன்.

அஞ்சலாட்சி.

மஞ்சப் பையி, நல்ல சேல, நெத்தியில விபூதி. எனக்கு சாப்பாடு எடுத்துக்கினு வந்திருக்கான்னுதான் நெனச்சேன். சத்தியமா அதத்தான் நெனச்சேன். "இங்கல்லாம் எதுக்கு வந்த, நான் வந்து சாப்புட்டுக்க மாட்டனா"ன்னு கேட்டேன். எல்லாரும் கேட்டாங்க அத. அவ என் பக்கத்துல உக்காரல. எதிர் வரிசையில போயி உக்காந்தா.

பெரிய அதிகாரி ஒரு அம்மா. "புகார்தாரர் வந்துட்டாங்களா?"ன்னாங்க.

அஞ்சலாட்சி எழுந்து நின்னா.

திருநாவுக்கரசப் பாத்தேன். அது தலையக் குனிஞ்சிக்கினு, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார், வீட்டுலதான்னு"ன்னு சொல்லுது. எனக்கு அப்பதான் அந்த வார்த்த எறங்குச்சி. நானே ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன், வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்க, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு. அந்த வீடு எனக்குத் தோணவே இல்ல. தெருவெல்லாம் வீடு தேடினேன்.

அதிகாரி அம்மா கேட்டாங்க, "ஏம்மா, வீட்டுக்குள்ளயே பேசித் தீத்திருக்கலாமே?"

அஞ்சலாட்சி யாருகிட்டயும் இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. சத்தம் போடல, அழல. "பேசினேம்மா. போர்டு மாட்டின அன்னிக்கே சொன்னேன். எங்க மாடியில தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னலு. அதயும் அடைச்சாச்சி. காத்து இல்ல, பகல்லயும் லைட்டு போடணும். சாயங்காலமானா செவப்பு, பச்ச, செவப்பு, பச்ச, கண்ணுக்குள்ளயே நடக்கும். கட்டிலுக்குத் தலமாட்டுல அவ்ளோ பெரிய செருப்பு. படுக்குறப்பல்லாம் யாரோ என் தலையில காலு வெக்கிற மாதிரி இருக்கும்மா. இவருகிட்ட சொன்னா 'பாக்கலாம்'னு சொல்லுவாரு. வருஷக்கணக்குல பாக்கலாம். இங்க வந்து சொன்னேன். ரசீது குடுத்தாங்க."

யாரோ சிரிச்சாங்க. எனக்கு காது ரெண்டும் எரிஞ்சிச்சி.

"லைசென்ஸு போவும்னு எனக்குத் தெரியாதும்மா. போர்ட மட்டும் எறக்கச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அது தெரிஞ்சதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஆனா இந்த மனுசன் மேல"ன்னு முசேவக் கையக் காட்டினா, "இவரு மேல பழி விழுந்ததுக்கப்புறம் சும்மா இருக்கக் கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன்."

அதிகாரி அம்மா பேனாவ வெச்சிட்டு யோசிச்சாங்க. "புகார நீங்க வாபஸ் வாங்கிக்கிட்டா, தீபாவளி முடியிற வரைக்கும் உங்க வீட்டுக்காரருக்கு டைம் குடுக்கலாம். என்ன சொல்றீங்க?"

நான் அவளப் பாத்தேன். கையெடுத்துக் கும்புடல, அவ்ளோதான். கண்ணால கேட்டேன்.

"வாபஸ் வாங்க மாட்டேம்மா. போர்டு எறங்கட்டும்"னா.

பதினஞ்சுதான் கெடுன்னு எழுதிட்டாங்க. வெளிய வந்து நான் ஒரு ஆட்டோ, அவ பஸ்ஸு.

அக்டோபர் 10, வெள்ளி

எறக்க மாட்டேன். சீலு வெக்கட்டும். ஊரே பாக்கட்டும், பொண்டாட்டியே புருஷன் கடைக்கு சீல் வெச்சான்னு.

அக்டோபர் 11, சனி

கடலூர்லேர்ந்து பொண்ணு புவனா போன் பண்ணிச்சி. அம்மாவத் திட்டும்னு நெனச்சேன். "அப்பா, சாயங்காலத்துல என்னிக்காவது மாடியில உக்காந்திருக்கியா நீ?"ன்னு மட்டும் கேட்டுச்சி. நான் மேல போறது கடையச் சாத்தி, சுவிட்ச அணைச்சிட்டுத்தான். கரண்டு பில்லு ஏறுதேன்னு ஒரு நிமிஷம்கூட கூடுதலா எரிய விட மாட்டேன். அதனால என்னான்னு கேட்டு போன வெச்சிட்டேன்.

ஆறு மணிக்கு போர்டப் போட்டேன். கொஞ்ச நேரம் கல்லாவுல உக்காந்தேன். ஒண்ணும் ஓடல. குப்புராஜப் பாத்துக்கச் சொல்லிட்டு மாடி ஏறினேன்.

அஞ்சலாட்சி ஹால்ல தரையில உக்காந்து பூண்டு உரிச்சிக்கினு இருந்தா. ஜன்னல் மேல பழைய சேலைய ரெண்டா மடிச்சி கட்டியிருக்கா. அதயும் தாண்டி வருது வெளிச்சம். செவுரு, பீரோ, சாமி படம், எல்லாம் செவப்பா ஆவுது, அணையுது, பச்சையா ஆவுது. ஒவ்வொரு தடவயும் 'டிக்'னு ஒரு சத்தம். கீழ அந்தச் சத்தம் கேக்கவே கேக்காது. நான் வாங்கிக் குடுத்த ஃபேன் அந்தச் சூட்டயே சுத்திச் சுத்தி அடிச்சிக்கினு இருக்கு.

எதிர்ல உக்காந்தேன். அப்பதான் பாத்தேன், அவ கண்ண மூடிக்கினு பூண்டு உரிக்கிறா. வெரலுக்குப் பழகிடுச்சி. தோல ஒரு பக்கம், பல்ல ஒரு பக்கம், ஒண்ணுகூட மாறல. அவ மொகம் செவப்பா ஆவும், இருட்டாவும், பச்சையா ஆவும். அதுல எந்த நேரம் இருக்குறது என் பொண்டாட்டி மொகம்னு எனக்கே தெரியல.

எனக்கு கண்ணு வலிக்க ஆரம்பிச்சிது. எழுந்திரிக்கலாம்னு பாத்தேன். இவ எழுந்திரிக்கலயே. நானும் உக்காந்தேன். டிக். டிக். நெஞ்சுல அடிக்கிற மாதிரி இருந்துச்சி. கடைசியில நான்தான் தோத்தேன். பீரோவுக்குப் பின்னால கைய விட்டு ப்ளக்கப் புடுங்கினேன்.

இருட்டு. அஞ்சலாட்சி கண்ணத் தெறந்தா.

"கஸ்டமர் இருப்பாங்களே கீழ"ன்னா.

"இருக்கட்டும்"னேன். அழுதேன். அவ பாத்துக்கினு இருந்தா, கிட்ட வரல.

அக்டோபர் 12, ஞாயிறு

வெல்டரும் எலக்ட்ரீஷியனும் வந்து போர்ட எறக்கினாங்க. இரும்பு ஆங்கிள அறுக்குறதுக்கே மத்தியானம் ஆயிடுச்சி. கீழ படுக்க வெச்சப்பதான் எவ்ளோ பெருசுன்னு தெரியுது. எம்பேரு மேல காக்கா எச்சம். வேடிக்க பாக்க வந்த மூல பேக் கடைக்காரன், "அண்ணே, நல்லாத்தான இருந்துச்சி"ன்னான். நெசமாவே வருத்தமா சொன்னான். இவனத்தான் நான் மொதல்ல சந்தேகப்பட்டேன்.

மேல ஜன்னல் தெறக்கல. துருப் புடிச்சி ஒட்டிக்கிச்சாம். எண்ணெய் விட்டு வெச்சிருக்கா.

அக்டோபர் 13, திங்கள்

முசே மேல குடுத்தத வாபஸ் வாங்க ஓடினேன். திருநாவுக்கரசு பேப்பரப் பொரட்டிட்டு, "லேட்டு சார். அவரு வெள்ளிக்கெழமயே கொட்டாவப் பிரிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு"ன்னுச்சி.

வந்து பாக்குறேன், உண்மதான். எதிர்வீடுதான், நடுவுல ஒரு தெரு. தகரம் போன எடம் மட்டும் செவுத்துல வெள்ளையா கோடு போட்ட மாதிரி நிக்குது. அவரு பிரிச்சது எனக்குத் தெரியல. அன்னிக்கி நான் எம் போர்டப் பத்தி மட்டும் யோசிச்சிக்கினு இருந்தேன்.

வாசல்ல நின்னு கூப்பிட்டேன். வந்தாரு.

"முசே, மன்னிச்சிடுங்க. நான் திரும்பப் போட்டுத் தர்றேன், எம் பொறுப்பு."

"வேணாம் வரதன். சட்டம்னா சட்டம்."

"அம்மாவுக்காகப் போட்டதாச்சே."

"அதுக்காகத்தான் நான் அத வெச்சிருந்தேன்"ன்னாரு. "இப்ப இல்ல. போ, கடையில ஆளு நிக்குது." கதவச் சாத்தல, உள்ள போயிட்டாரு. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சி எனக்கு.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்துட்டு, முகப்பு சரியா இருக்குன்னு எழுதிக்கினு போயிட்டாங்க. லைசென்ஸு தப்பிச்சிடுச்சி. சீல் இல்ல. மரப்பலகையில பேரு எழுத ஆளு சொல்லியாச்சி, அதுவரைக்கும் அட்டையில மார்க்கர் பேனாவால குப்புராஜ் எழுதி ஒட்டியிருக்கான், அதுவும் எழுத்துப் பெழயோட. போர்டு இல்லாம கடை கண்ணுக்கே தெரியல. ஆளு கொறச்சல்தான். இந்தத் தீபாவளி எப்படிப் போவும்னு தெரியல.

திருநாவுக்கரசு கெளம்புறப்ப ஒரு பேப்பரக் குடுத்துச்சி. "சார், போர்டுதான் எறங்கிடுச்சே. இதுல அம்மா ஒரு கையெழுத்துப் போட்டா புகார முடிச்சி ஃபைல மூடிடலாம்."

மாடிக்கு எடுத்துக்கினு போனேன். ஜன்னல் எப்படியோ தெறந்திருச்சி. அஞ்சலாட்சி அங்கதான் நின்னுக்கினு இருந்தா, காத்து மூஞ்சியில அடிக்க. பேப்பரயும் பேனாவயும் குடுத்தேன். வெளிச்சத்துல புடிச்சி மெதுவா படிச்சா.

"இதுல போட்டா எல்லாம் முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்."

"அப்ப வேணாங்க." மடிச்சி என் கையிலயே குடுத்துட்டா.

"ஏன்டி? எறக்கிட்டனே. என்ன நம்பலயா?"

"இன்னிக்கி நம்புறேன். அடுத்த வருஷம் உங்களுக்கு வேற ஆச வரும். அப்ப நான் திரும்பவும் பஸ் ஏறி, டோக்கன் போட்டு, உக்காந்திருக்குறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு நிக்க முடியாது. மொத தடவ அங்க போறதுக்கு எனக்கு எவ்ளோ தெம்பு வேண்டியிருந்துச்சி தெரியுமா? அந்தப் புகாரு அங்கயே இருக்கட்டும்."

பேப்பர சட்டைப் பையில வெச்சிக்கினு கீழ எறங்கிட்டேன். இத்தன வருஷம் கூடக் குடும்பம் நடத்துனவ என்மேல ஒரு புகார மூடாம வெச்சிருக்கா. வலிக்குது. ஆனா அவ எடத்துல நான் இருந்தாலும் கையெழுத்து போட்டிருக்க மாட்டேன்.